ஷெட்டில் நிற்கும் பழைய ஹெரால்டு: ஸ்பானருக்கு முன் ஆர்.சி.யை எடுங்க

உங்க வீட்டு ஷெட்டில் தாத்தா காலத்துக் கார் ஒன்று தார்ப்பாய்க்குள் நிற்கிறதா? "எடைக்குப் போட்டுடலாம்" என்று ஒருத்தரும், "என்ஜினை மாத்தி ஓட்டிப் பார்க்கலாம்" என்று இன்னொருத்தரும் சொல்வாங்க. இரண்டையும் செய்வதற்கு முன் இதைப் படிச்சிடுங்க. அவசரத்தில் செய்யும் ஒரு வேலையால் அந்தக் காரின் சட்டப்பூர்வ அந்தஸ்தே போய்விடலாம்.

நம்ம ஊர் பிரிட்டிஷ் கார்

1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் டிரையம்ப் ஹெரால்டு. அதை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதன்மேல் 1962-ல் வந்ததுதான் உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார்.

ஹெரால்டு நம்ம ஊரிலும் தயாரானது. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் அதை விற்றது. 948 சிசி என்ஜின், முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து முழுசாகத் திறக்கும் பானெட், தனி அடிச்சட்டம் ஆகியவைதான் இதன் அடையாளம். அடிச்சட்டம் தனியாக இருப்பதால் வீட்டில் வைத்தே பிரித்து மாட்ட ஏற்ற வண்டி.

படி 1: காகிதம்

முதலில் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்க. அதில் உள்ள அடிச்சட்ட எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்களோடு பொருந்துகிறதா என்று பாருங்க. துருவை மெதுவாகத் துடைத்து, இரண்டையும் செல்போனில் படம் எடுத்து வைங்க. கிரைண்டரோ உப்புத்தாளோ வைத்துத் தேய்க்கக் கூடாது. எண் அழிந்தால் பெரிய சிக்கல்.

* ஆர்.சி. தொலைந்திருந்தால்: காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, படிவம் 26-ல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்கலாம்.
* உரிமையாளர் இறந்திருந்தால்: படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். சட்டப்படி இதற்கான கெடு மூன்று மாதம். கெடு தாண்டிவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீங்க. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுங்க.
* எம்-பரிவாகன் செயலியில் எண் வரவில்லையா? மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய பதிவெண்கள் பல, கணினிக்கு முந்தைய பதிவேட்டில்தான் இருக்கும். பதிவு செய்த அலுவலகத்தில் ஆர்.சி.யைக் காட்டி, கணினியில் ஏற்றச் சொல்லிக் கேளுங்க.

படி 2: எந்த வழி?

காரை அடிக்கடி ஓட்டப் போறீங்களா, பாரம்பரியமாகப் பாதுகாக்கப் போறீங்களா என்பதை முதலிலேயே முடிவு செய்யணும்.

*வழக்கமான புதுப்பிப்பு:* சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு, வண்டியை அலுவலகத்தில் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 25. பழைய வண்டிக்கான கட்டணம் சமீப ஆண்டுகளில் உயர்ந்திருப்பதால், பரிவாகன் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்க.

*விண்டேஜ் பதிவு:* 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். படிவம் 20, காப்பீடு, பழைய ஆர்.சி. ஆகியவை வேணும். புதிய பதிவுக் கட்டணம் ரூ.20,000, 10 ஆண்டு செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க ரூ.5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி.

முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கு: அடிச்சட்டம், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. "உதிரி கிடைக்கலை" என்று வேறு கார் என்ஜினை வைத்துவிட்டால் விண்டேஜ் தகுதி போச்சு. வழக்கமான பதிவில் இருக்கும் வண்டிக்கும், அலுவலக அனுமதி இல்லாமல் என்ஜின் மாற்றக் கூடாது.

படி 3: வீட்டில் செய்யும் வேலைகள்

1. ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. வண்டிக்கு அடியில் போகும் முன் ஸ்டாண்டு வைங்க. செங்கல், கல் வேண்டாம்.
2. உடனே செல்ஃப் அடிக்காதீங்க. பல வருடம் நின்ற என்ஜினில் பிஸ்டன் இறுகியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்க.
3. பேட்டரி முனை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பார்க்காமல் மாட்டினால் மின்கருவிகள் எரியும்.
4. ஸ்பானர். இதன் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும்.
5. பெட்ரோல் பாதை. பழைய பெட்ரோலை வடித்து, டாங்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்யுங்க. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இளகிக் கசியும். எத்தனாலைத் தாங்கும் குழாய் போடுங்க.
6. துரு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் துரு வேகமாக ஏறும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் அடிச்சட்டத்தின் பக்கக் கைகளையும் டிக்கியின் தரையையும் தட்டிப் பாருங்க.

படி 4: ஓடத் தொடங்கிய பிறகு

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் 'டிரனியன்' என்ற வெண்கல மூட்டு உண்டு. இதற்குக் கிரீஸ் போடக் கூடாது, 90 கியர் ஆயில்தான் போடணும். கிரீஸ் உள்ளே கெட்டியாகிவிட்டால் மரை காய்ந்து துருப்பிடிக்கும். ஒருநாள் ஓடும்போதே முன் சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டில் கைவைத்துப் பழகாத மெக்கானிக்கிடம் விடும்போது இதை நீங்களே சொல்லிடுங்க.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். பிரேக் வேலையில் சந்தேகம் இருந்தால் பட்டறைக்குக் கொண்டு போங்க. பின் அச்சின் அமைப்பால், வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தடுமாறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்க.

உதிரி தேடுபவர்கள் சென்னை புதுப்பேட்டையில் விசாரிக்கலாம். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் பல பாகங்களைப் பகிர்ந்துகொள்பவை. ஸ்பிட்ஃபயருக்கு இங்கிலாந்தில் இன்றும் புது உதிரிகள் வருகின்றன.

வேண்டாம் என்று முடிவு செய்தால்

காரை எடைக்குப் போட்டாலும் பதிவு உங்க குடும்பத்தார் பெயரிலேயே தொடரும். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்க. விற்பதாக இருந்தாலும் பெயர் மாறியதை உறுதி செய்த பிறகே சாவியைக் கொடுங்க.