சட்டம் செய்யும் சபையிலே ஓவர்டைம் யாருக்கு?

சென்ற மாதம் பலமனேரில் என் வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கேட்டார்: "தாத்தா, எனக்கு 'மேனேஜர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி பத்து மணி ஆனாலும் ஓ.டி. கிடையாது என்கிறார்கள். இது சரிதானா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது கிடைத்ததே இந்தப் பாடம்.

முதலில் ஒரு வேடிக்கை. ஊருக்கெல்லாம் சட்டம் எழுதும் சபையில் வேலை செய்பவருக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

அமெரிக்காவில் 1938-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குறைந்தபட்சக் கூலியையும், வாரத்துக்கு இத்தனை மணி என்ற எல்லையையும் அது வகுத்தது. அந்த எல்லைக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். எல்லை பிறகு 40 மணி என்று நிலைத்தது. ஆனால் அதை நிறைவேற்றிய காங்கிரஸ் சபை தன் சொந்த ஊழியர்களுக்கு அதைப் பொருத்தவில்லை. 1989-ல் கீழவை ஊழியர்களுக்கு மட்டும் ஓரளவு பாதுகாப்பு வந்தது. 1995 ஜனவரி 23-ல் கிளிண்டன் கையெழுத்திட்ட காங்கிரஸ் பொறுப்புடைமைச் சட்டம்தான் இரு அவைகளையும் சேர்த்துக் கட்டியது. புகார்களைக் கவனிக்கத் தனி அலுவலகமும் அமைந்தது. முன்பெல்லாம் புகார் செய்பவர் கட்டாயமாக ஆலோசனை, சமரசம் என்ற படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. 2018-ல் வந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

கணக்கு பார்ப்போம். மணிக்கு 20 டாலர் வாங்கும் ஊழியர் ஒரு வாரம் 46 மணி வேலை செய்கிறார். 40 மணிக்கு 800 டாலர். மீதி 6 மணிக்கு, மணிக்கு 30 வீதம், 180 டாலர். மொத்தம் 980. எல்லாருக்கும் இந்தக் கணக்கு உண்டா என்றால் இல்லை. நிர்வாகப் பொறுப்பு உடையவர்களுக்கும், தொழில்முறை வல்லுநர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் பட்டத்தை வைத்து விலக்கு தீர்மானமாவதில்லை. அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

நம் நாட்டு வழி வேறு. ஆங்கிலேயர் காலத்தில் மத்திய சட்டசபை ஊழியர்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தார்கள். சபைத் தலைவராக இருந்த விட்டல்பாய் பட்டேல், அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் சபையின் ஊழியர்கள் அந்த அரசாங்கத்துக்கே கட்டுப்பட்டிருக்கக் கூடாது என்று வாதாடி, 1929 ஜனவரி 10-ல் தனி இலாகாவைப் பெற்றார். அந்தக் கருத்துதான் அரசியல் சட்டத்தின் 98-ஆவது பிரிவாக ஆனது. ஒவ்வொரு அவைக்கும் தனிச் செயலகம் உண்டு. ஊழியர் நிபந்தனைகளை நாடாளுமன்றம் சட்டமாக இயற்றலாம். அதுவரை சபாநாயகரையோ அவைத் தலைவரையோ கலந்து குடியரசுத் தலைவர் விதிகள் வகுக்கலாம். மக்களவைச் செயலகத்துக்கு 1955-லும், மாநிலங்களவைச் செயலகத்துக்கு 1957-லும் விதிகள் வந்தன. சட்டமன்றங்களுக்கு 187-ஆவது பிரிவு இதே ஏற்பாட்டைச் செய்கிறது.

2011 டிசம்பர் 29-ல் லோக்பால் மசோதா மீது மாநிலங்களவை நள்ளிரவு வரை விவாதித்தது. உறுப்பினர்கள் பேசியது மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. அதைக் குறிப்பெடுத்தவர், மொழிபெயர்த்தவர், கதவருகே நின்றவர் எல்லாரும் அதே நள்ளிரவு வரை அங்கே இருந்தவர்கள்தாம்.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. 1989 ரயில்வே சட்டம் ஊழியர்களைப் பிரிக்கிறது. தொடர்வேலை செய்பவருக்கு இரண்டு வாரச் சராசரியில் வாரம் 54 மணி. கடும்வேலை செய்பவருக்கு 45. இடைவிட்டு வேலை செய்பவருக்கு 75. அதற்கு மேல் போனால் இரண்டு மடங்குக்குக் குறையாத கூலி. மேற்பார்வையாளர்கள் போன்றோர் விலக்கப்பட்டவர்கள். நானும் அந்த வகையில்தான் இருந்தேன், ஓ.டி. வாங்கியதில்லை.

ஆனால் வாங்க வேண்டியவர் ஒருவர் என்னால் வாங்காமல் போனார். ஒரு மழைக்கால இரவில் மாற்று ஆள் வராததால், ஒரு கேட்மேன் பன்னிரண்டு மணிக்குப் பதில் இருபது மணி நேரம் கேட்டில் நின்றார. நான் தண்டவாளத்தைப் பார்க்கும் அவசரத்தில் மஸ்டரில் பன்னிரண்டு என்றே எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் அவர் வந்து, "ஐயா, என் எட்டு மணி நேரம் எங்கே போச்சு?" என்று கேட்டார். திருத்துகிறேன் என்று சொன்னேன். வேலை மும்முரத்தில் மறந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. என் பேனாதான் இல்லை.

ஆகவே அந்த இளைஞருக்கும், வெளியூர்களில் வேலைக்குச் சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் மூன்று வார்த்தை:

1. பட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நம் நீதிமன்றங்களும் பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையின் தன்மையையே பார்த்து வந்திருக்கின்றன.

2. எந்தச் சட்டம் அல்லது விதி உங்களுக்குப் பொருந்தும் என்று வேலையில் சேரும்போதே கேட்டு வையுங்கள்.

3. வந்த நேரம், போன நேரத்தை உங்கள் கைப்பட ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். பிறர் எழுதுவார் என்று விட்டுவிடாதீர்கள்.

மேலதிகாரியாக இருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: உங்களிடம் வேலை செய்பவரின் மணிக்கணக்கை அன்றன்றே சரியாக எழுதிவிடுங்கள்.