போலீஸ் நிலையமும் தோட்ட மக்களும்

போலீஸ் நிலையத்தின் வாசலை மிதிப்பதே குடும்பத்திற்கு இழுக்கு என்று எண்ணும் வழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வீட்டில் களவு போனால் கங்காணியிடம் சொல்கிறோம். அவர் கிராணியிடம் சொல்கிறார். கிராணி நிர்வாகியின் காதில் போட்டு வைக்கிறார். இரண்டு வாரம் சென்றபின், "அன்றைக்கே சொல்லியாயிற்று; போலீசார் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே" என்று குறைபட்டுக்கொள்கிறோம். போலீசாரிடம் அச்செய்தி போய்ச் சேரவே இல்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. போலீசாரைப் பற்றி நம் மக்கள் கூறும் குறைகளுள் நியாயமானவையும் உள்ளன. முறையான புகார் கொடுக்கப்படாமையால் விளைந்தவையும் மிகப் பல. ஆகவே புகார் என்பது யாது, அதைக் கொடுத்தபின் என்ன நடக்கும், நடக்காவிட்டால் நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

நம்மவர்க்குள்ள அச்சம் காரணமின்றித் தோன்றியதன்று. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை ஒடுக்க வந்த ஆயுதப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். 1948-இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேர்ந்துவிடும் என்று, பால்வெட்டுக்குப் புறப்படும் ஆண் பெண் அனைவரும் வாயிலில் சோதிக்கப்பட்டனர். வெட்டுக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவதுகூடக் குற்றமாகக் கருதப்பட்ட இடங்கள் உண்டு. 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் நீங்கியது. ஆயினும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவு பாட்டன் பாட்டியர் வழியே பேரப்பிள்ளைகளையும் எட்டியிருக்கிறது. பழைய தலைமுறையினர் போலீஸ்காரரை "மாத்தா மாத்தா" என்பர். மாத்தா என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கண் என்பது பொருள். நம்மை வேவு பார்க்கும் கண்ணாகவே அவர்கள் அதைக் கண்டிருந்தனர்.

1967-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம், ஒழுங்கையும் அமைதியையும் காத்தல், குற்றத்தைத் தடுத்தல், துப்பறிதல், குற்றவாளியைப் பிடித்து வழக்குத் தொடுத்தல் ஆகியவற்றைப் போலீஸ் படையின் கடமைகளாக வகுத்துள்ளது. பட்டணத்திற்கு ஒரு சட்டம், தோட்டத்திற்கு ஒரு சட்டம் என்பது கிடையாது.

புகார் என்பது யாது?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. ஒருவர் போலீஸ் நிலையத்திற்குச் சென்று ஒரு குற்றத்தைப் பற்றி வாய்மொழியாகத் தெரிவித்தால், அதிகாரி அதை எழுத்தில் பதிவு செய்யவேண்டும். எழுதியதைத் தெரிவித்தவருக்குப் படித்துக் காட்டவேண்டும். அவர் அதில் கையொப்பமிடவேண்டும். 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு கடமையையும் சேர்த்தது. மலேசியாவில் எங்கு நடந்த குற்றமாயினும், எந்த நிலையத்தில் புகார் கொடுத்தாலும், அதைப் பெற்றுக்கொள்ள அதிகாரி கடமைப்பட்டவர். "இது எங்கள் வட்டாரம் அன்று, அங்கே போ" என்று திருப்பி அனுப்பப்பட்டோர் பலர். சட்டம் அவ்வாறு அனுப்ப இடங்கொடுக்கவில்லை என்பதைப் பணிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்லலாம். புகார் கொடுக்கக் கட்டணம் ஏதுமில்லை. "காப்பிக் காசு" எவரேனும் கேட்டால் கொடுக்கலாகாது. வாங்குபவர் மட்டுமன்றிக் கொடுப்பவரும் குற்றவாளியாவார்.

தோட்ட வாயிலில் நிற்கும் ஜாகாவிடம் சொல்வது புகாராகாது. அவர் நிர்வாகத்தின் காவலர். அலுவலகத்துப் புத்தகத்தில் கிராணி எழுதி வைப்பதும் புகாராகாது. மொட்டைக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை. நம் தோட்டங்களில் மொட்டைக் கடிதம் எழுதச் செலவான தாளில் பாதியையாவது புகாருக்குச் செலவிட்டிருந்தால் எத்தனையோ வழக்குகள் துலங்கியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கணவனும் மனைவியும் விடியுமுன் வெட்டுக்குச் சென்றுவிடுகிறார்கள். நண்பகலில் திரும்பி வந்து பார்த்தால் பின்கதவின் பூட்டு உடைந்து கிடக்கிறது. அலமாரியில் இருந்த சங்கிலியும் கைத்தொலைபேசியும் காணவில்லை. அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். ஒருவர் பூட்டை எடுத்துப் பார்க்கிறார். இன்னொருவர் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்கிறார். மனைவி அழுதுகொண்டே சிதறிய துணிகளை மடித்து வைத்து வீட்டைக் கூட்டிவிடுகிறார். கைரேகை எடுக்க வருபவருக்கு இனி அங்கே என்ன மிஞ்சியிருக்கும்? இத்தகைய நேரத்தில் எவரையும் உள்ளே விடாது, எதையும் தொடாது, உடனே நிலையத்திற்குப் புறப்படுவதே முறை. கள்வன் இன்னும் உள்ளே இருந்தாலோ உயிருக்கு ஆபத்து இருந்தாலோ 999 என்னும் எண்ணை அழைக்கவேண்டும்.

நிலையத்தில் சொல்லவேண்டியவை சிலவே. கதவைப் பூட்டிச் சென்ற நேரம், திரும்பிய நேரம், களவுபோன பொருளின் அடையாளம், அதன் எடை அல்லது விலை. சங்கிலி வாங்கிய ரசீது இருந்தால் கையோடு கொண்டுபோகலாம். கைத்தொலைபேசிக்குப் பதினைந்து இலக்க அடையாள எண் உண்டு. அது வாங்கிய பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் என்றால் பதிவு எண்ணோடு இயந்திர எண்ணும் வேண்டும். கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லவேண்டும். "இன்னார்தாம் எடுத்திருப்பார்" என்று பழைய பகையை இதில் கலந்துவிடலாகாது. பொய்யென்று தெரிந்தே கொடுக்கும் புகார் தண்டனைச் சட்டத்தின் 182-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

புகார் மலாய்மொழியில் பதிவாகும். நம் பெரியவர்கள் பலருக்குப் பேச்சு மலாய் வரும். எழுத்து மலாய் வராது. அவர்கள் தலையாட்டிக் கையொப்பமிட்டுவிடுகின்றனர். பின்னர் நீதிமன்றத்தில், "காலை பத்து மணி என்று புகாரில் உள்ளதே, இப்போது எட்டு மணி என்கிறாயே" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கும்போது விழிக்கின்றனர். முதற் புகாருக்கும் பிந்திய சாட்சியத்திற்கும் உள்ள முரண்பாடு, உண்மையான வழக்கையும் கவிழ்த்துவிடக்கூடும். எனவே மலாய் நன்கு படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வது நலம். எழுதியதைப் படிக்கச் செய்து, தவறிருந்தால் கையொப்பத்திற்கு முன்னரே திருத்தும்படி கேட்கவேண்டும். புகாரின் நகலைப் பெற்று, அதன் எண்ணைத் தனியே ஒரு தாளிலும் குறித்துவைக்கவேண்டும். பிறகு எங்கு சென்றாலும் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

புகாருக்குப் பின்னர்

வழக்கு ஒரு விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கப்படும். அவர் நம்மையும் சாட்சிகளையும் அழைத்து வாக்குமூலம் பெறுவார். இது 112-ஆம் பிரிவின்கீழ் நடைபெறுவது. கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் எந்த விடை நம்மையே குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடுமோ, அதைச் சொல்ல மறுக்கலாம். வாக்குமூலம் எந்த மொழியில் கொடுக்கப்பட்டதோ அந்த மொழியிலேயே படித்துக் காட்டப்படவேண்டும். திருத்தம் செய்ய வாய்ப்பும் அளிக்கப்படவேண்டும். அதன் பின்னரே கையொப்பமோ பெருவிரல் ரேகையோ வைக்கலாம். தமிழில் சொன்ன பாட்டி தமிழில் கேட்டபின் ரேகை வைப்பது அதிகாரி காட்டும் சலுகை அன்று. சட்டம் அவருக்கு அளித்த உரிமை.

"புகார் கொடுத்தும் போலீசார் ஒன்றும் செய்யவில்லை" என்னும் பேச்சு பெரும்பாலும் கைகலப்பு வழக்குகளில் எழுவதைக் காண்கிறோம். இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் உண்டு. குற்றங்களை இரு வகையாகப் பிரித்துள்ளனர். களவு, வீடுடைத்தல், ஆயுதத்தால் காயப்படுத்துதல் போன்றவற்றில் வாரண்டு இன்றியே கைது செய்யலாம். போலீசார் உடனே விசாரிக்கலாம். ஆயுதமின்றிக் கையால் அடித்துச் சிறு காயம் விளைவித்தல் 323-ஆம் பிரிவில் அடங்கும். இது வாரண்டு இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றமன்று. இத்தகைய வழக்குகளில், அரசாங்க வழக்குரைஞரின் உத்தரவு இல்லாமல் போலீசார் தம் விசாரணை அதிகாரத்தைப் பயன்படுத்த 108-ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. அதனாலேயே "மாஜிஸ்திரேட்டிடம் போய் முறையிடுக" என்று சொல்லி அனுப்புகின்றனர். கேட்பவருக்கு அது கைகழுவிவிடுவதாகத் தோன்றுகிறது. அதிகாரி இரண்டு நிமிடம் செலவிட்டுக் காரணத்தை விளக்கியிருந்தால் மனக்கசப்பு பாதி குறைந்திருக்கும் என்பது நம் கருத்து. எவ்வாறாயினும் அடிபட்டவர் அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று காயத்தைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். காயம் ஆறியபின் சான்று தேட இயலாது.

சம்பளப் பாக்கி, வேலைநீக்கம் ஆகியவை வேறு. சம்பளப் பாக்கியைத் தொழிலாளர் இலாகாவிலும், நியாயமற்ற வேலைநீக்கத்தைத் தொழில் உறவு இலாகாவிலும் முறையிடவேண்டும்.

பெரிய குற்றங்களில், விசாரணை எந்த அளவில் உள்ளது என்று கேட்டறியும் உரிமையை 107A பிரிவு நமக்கு அளித்துள்ளது. வாரண்டு இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்திருந்தால், அதே நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் நிலவர அறிக்கை கேட்கலாம். விசாரணைக்கு ஊறு விளைவிக்கும் செய்திகளை அவர் வெளியிடவேண்டியதில்லை. மற்றபடி இரண்டு வாரங்களுக்குள் அறிக்கை தரவேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்குரைஞருக்கு எழுதலாம். அவர் மாவட்டப் போலீஸ் அதிகாரியிடம் விளக்கம் பெற்று நமக்குத் தெரிவிப்பார். இப்பிரிவைப் பயன்படுத்துவோர் தோட்டங்களில் மிகக் குறைவு. நான்கு வரியில் ஒரு கடிதம், புகார் எண், தேதி, கையொப்பம், இவ்வளவே வேண்டுவது. கடிதத்தை நேரில் கொடுத்தால் அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிக்கொள்ளவேண்டும்.

வீட்டிற்குள் நடக்கும் கொடுமை

கணவனிடம் அடிபட்ட பெண் நிலையத்திற்கு வந்தால், "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. தோட்டத்தில் கோயில் தலைவரும் கங்காணியும் கூடி, அதே சொற்களைக் கூறி அனுப்புவதும் உண்டு. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தபின் அப்பேச்சுக்கு இடமில்லை. போலீசார் விசாரித்துக் கொண்டிருக்கும்போதே, அடித்தவர் மீண்டும் தீங்கு செய்யாதவாறு மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பெறலாம். 2018 முதல், சமூகநலத்துறை அதிகாரியே ஏழு நாள் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்கலாம். இதற்கு நீதிமன்றம் செல்லவேண்டியதில்லை. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு உறவினர் வற்புறுத்துவர். அப்பெண்ணுக்கு அடுத்த அடி விழும்போது அவ்வுறவினர் அருகில் இருப்பரா என்று கேட்கத் தோன்றுகிறது.

கைது செய்யப்பட்டால்

சில வேளைகளில் நம் பிள்ளைகளே பிடிபடலாம். ஏன் கைது செய்யப்படுகிறார் என்பதை அவரிடம் சொல்லவேண்டும். விசாரணை தொடங்குமுன் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தாம் இருக்குமிடத்தைத் தெரிவிக்கவும் வழக்கறிஞரோடு பேசவும் அவருக்கு உரிமையுண்டு என்பதை 28A பிரிவு கூறுகிறது. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியலமைப்பின் 5-ஆவது விதி. பெண்ணைச் சோதிக்கவேண்டுமாயின் மற்றொரு பெண்ணே, கண்ணியத்தோடு, சோதிக்கவேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று மலைக்கவேண்டாம். 2011-இல் தோற்றுவிக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், கைது செய்யப்பட்ட குடிமக்களுக்குத் தடுப்புக்காவல் கட்டத்தில் இலவசமாக உதவுகிறது. மகன் எங்கே என்று தேடிக்கொண்டு பெற்றோர் நிலையம் நிலையமாக அலைவதைவிட, மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் முதலில் விசாரிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

போலீஸ்காரரே முறைகேடாக நடந்துகொண்டால் என்ன செய்வது? 2004-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் நாடெங்கும் மக்களின் குறைகளைக் கேட்டு, மறு ஆண்டில் 125 பரிந்துரைகளை வெளியிட்டது. மக்கள் அவ்வாணையத்தின்முன் துணிந்து பேசியிராவிட்டால் இவை வெளிவந்திரா. அதன்பின் நீண்ட விவாதம் நடந்து, 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போலீசாரின் நடத்தையை விசாரிக்கும் சுயேச்சை ஆணையம் 2023 ஜூலை முதல் நாள் செயற்படத் தொடங்கியது. அதற்குப் போதிய பல் இல்லை என்று குறைகூறுவோரும் உளர். ஆயினும் முறையீடு செய்ய ஒரு வாயில் திறந்திருக்கிறது. போலீஸ் படையின் நேர்மைப் பிரிவிலும், மனித உரிமை ஆணையமான சுஹாக்காமிலும் முறையிடலாம். நாள், நேரம், நிலையம், அதிகாரியின் சீருடையில் உள்ள பெயர் அல்லது எண் ஆகியவற்றை அன்றே குறித்து வைத்திருப்பவரின் முறையீடு வலுவுடையதாகும்.

இறுதியாகச் சாலை விபத்தைப் பற்றி ஒரு சொல். விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர் நம்மில் ஏராளம். விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் போலீசில் தெரிவிக்கவேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பணிக்கிறது. "சிறு சிராய்ப்புத்தானே" என்று எழுந்து போய்விடுவோர், ஒரு வாரம் கழித்து முழங்கால் வீங்கியபின் சொக்சோ அலுவலகத்தின் படியேறுகின்றனர். வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் சொக்சோவில் நிவாரணம் உண்டு. அங்கே அவரிடம் கேட்கப்படும் பத்திரங்களுள் போலீஸ் புகாரின் நகலும் ஒன்று.