குரலைக் கேட்டு மாம்பழச்சிட்டை அறியலாம்

தோப்பிலும் வேலியோரத்திலும் இலைகளுக்கிடையே புழுப் பொறுக்கும் சிறு பறவைகளைக் கண்ணால் பார்த்து இனம் காண்பது எளிதன்று. நிறமும் இலை நிறம். ஓரிடத்தில் நிலைத்து இருப்பதும் இல்லை. காதுக்கு மட்டும் அவை தப்புவதில்லை. இவற்றுள் உழவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மாம்பழச்சிட்டு.

புளி, வேம்பு, மா, கருவேல் ஆகிய மரங்களில் ஆண்டு முழுவதும் இதைக் காணலாம். சிட்டுக்குருவி அளவே இருக்கும். நீளம் சுமார் 14 செ.மீ. அடிப்பாகம் மஞ்சள், இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் மேற்பாகம் கருமையடையும். பெட்டை பச்சை கலந்த மஞ்சள். தழைக்குள் இருந்தால் தெரியவே தெரியாது.

இதன் பாட்டு ஒரு நீண்ட சீழ்க்கை. ‘வீ...ஈ...ஈ’ என்று இழுத்து, முடிவில் சட்டென்று சுருதி இறங்கி ‘ட்யூ’ என்று நிற்கும். ஆடு மேய்க்கும் சிறுவன்தான் யாரையோ அழைக்கிறான் என்று திரும்பிப் பார்ப்பவர்களும் உண்டு. சிறிது இடைவெளி விட்டு மீண்டும் அதே சீழ்க்கை வரும்.

அதே வேலியில் தையல்சிட்டும் இருக்கும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் இக்குருவியின் குரல் உடலுக்குப் பொருந்தாத அளவு உரத்தது. ஆனால் அதில் இழுப்பு கிடையாது. ‘டுவிட், டுவிட், டுவிட்’ என்று ஒரே ஒலியைத் தறி அடிப்பதுபோல் விடாமல் அடுக்கும். இழுத்து இறக்கினால் மாம்பழச்சிட்டு. அடுக்கி அடித்தால் தையல்சிட்டு. மாம்பழச்சிட்டுக்கு வேறு சில குரல்களும் உண்டு. எனவே வெறும் கிறீச்சொலியை வைத்து முடிவு செய்யாமல், சீழ்க்கை வரும்வரை காத்திருத்தல் நலம். விடிந்தபின் மரத்தடியில் பத்து நிமிடம் பேசாமல் நின்றால் போதும்.

மழைக்காலத்தையொட்டி ஆண் பறவை விர்ரென்று மேலே எழும்பி, இறகுகளைப் பஞ்சுருண்டைபோல் உப்பிக்கொண்டு, சுழன்றபடி கிளைக்கு இறங்கும். இதைக் கண்டால் அருகில் பெட்டை இருக்கிறது, கூடு கட்டும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இப்பறவை இலையின் மேலும் கீழும் தேடிப் புழுக்களையும் பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்கிறது. குருவி இருந்தால் பூச்சிமருந்தே தேவையில்லை என்று கூறுவது மிகை. பூச்சி பெருகிவிட்டால் ஒரு சோடிக் குருவியால் என்ன செய்ய முடியும்? ஆயினும் தேவையின்றி மருந்து தெளிப்பதால் அதன் இரை அழிகிறது. நஞ்சேறிய புழு குஞ்சின் வாய்க்கும் போகிறது. சேதத்தைப் பார்த்த பிறகே மருந்தடிக்க வேண்டும்.

மருந்தைவிட அடிக்கடி நேரும் கேடு தழை வெட்டும்போதுதான். கிளைக் கவட்டில் சிலந்தி நூல் பூசி அமைத்த இதன் கூடு சிறு கிண்ணம் போன்றது, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆட்டுக்கு வேப்பந்தழை கழிப்பவர் கண்ணில் அது படாது. கிளையோடு கீழே விழும். ஆகவே காலையில் சீழ்க்கை கேட்ட மரத்தில், அரிவாள் வைக்குமுன் கவடுகளை அண்ணாந்து பார்க்க வேண்டும். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரமும், குஞ்சு பறக்க மேலும் சில நாட்களும் ஆகும். கூடு தென்பட்டால் அம்மரத்தை ஒரு மாதம் விட்டுவிட்டு, அடுத்த மரத்தில் தழை கழிக்கலாம்.