போலிக் கிதார்: ஓர் ஆய்வு

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

மின்கிதார் இருபதாம் நூற்றாண்டின் குழந்தை. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட 'லெஸ் பால்' என்னும் வகை அவற்றுள் பெரும்புகழ் வாய்ந்தது. லெஸ் பால் (1915–2009) என்ற கிதார்க் கலைஞரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. புகழ் பெற்ற பொருளுக்குப் போலி தோன்றுவது இயல்பு. அப்படிப்பட்ட ஒன்று சென்ற பருவத்தில் என் கைக்கு வந்தது.

என் பெரியப்பா மகன் திருமண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றின் கிதார்க்காரர். ஓராண்டுச் சேமிப்பைக் கொடுத்து, பழைய அசல் கருவி என்று நம்பி ஒருவரிடம் அதை வாங்கினார். குழுவின் மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது டூப்ளிகேட்டுப்பா" என்று சொல்லிவிட, அண்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "நீ ஃபிசிக்ஸ்தானேடா படிக்கிறே, பார்த்துச் சொல்லு. போலின்னா யார் தலையிலாவது கட்டிடறேன்" என்றார். பேராசிரியரின் இசைவுடன் நம் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் அதை ஆராய்ந்தேன். வெர்னியர், எஃகு அளவுகோல், மல்டிமீட்டர், ஒரு திருப்புளி ஆகியவையே கருவிகள்.

ஆராயப் புகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அசலை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. கருவி எவ்வளவு நல்லது என்பது வேறொரு கேள்வி. நகலும் போலியும்கூட ஒன்றல்ல. 1970-களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் லெஸ் பால் வடிவத்தில் கிதார்கள் செய்து, இபானெஸ் முதலிய தம் சொந்தப் பெயர்களில் விற்றன. அவற்றின் தலைப்பகுதி தம்முடையதைப் போல் இருக்கிறது என்று கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம் 1977-இல் வழக்குத் தொடுத்தது. அவை நகல்கள். அவற்றுள் சில இன்று நல்ல விலைக்குப் போகின்றன. பிறர் பெயரையே பொறித்துக்கொண்டு வருவதுதான் போலி.

முதலில் தலைப்பகுதியைக் கண்டேன். கழுத்துக்குள் செல்லும் இரும்புக் கம்பியின் முனையை மறைக்கும் சிறு தகடு ஒன்று அங்கே உண்டு. அசலில் அதை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும்; இதில் மூன்று இருந்தன. தகட்டைக் கழற்றினால், அசலில் அறுகோணப் பித்தளை நட் தெரியும். இதில் ஆலன் சாவி நுழையும் துளை தெரிந்தது. இவ்விரண்டே போதும், ஐயம் தீர்ந்தது. வரிசை எண்ணையும் பார்த்தேன். 1977 முதல் வழங்கிய எட்டு இலக்க முறையில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் ஆண்டைக் குறிக்கும். இடையிலுள்ள மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதைக் குறிக்கும். அந்த மூன்றிலக்க எண் 366-ஐத் தாண்டினால் பொய் வெளியாகிவிடும். இதில் தாண்டவில்லை. எண்ணைப் பொறித்தவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது!

கழுத்து மரம் என்னைச் சிந்திக்க வைத்தது. அசலில் கழுத்தும், ஏறத்தாழ 17 பாகை பின்சாய்ந்த தலையும் ஒரே மகாகனித் துண்டிலிருந்து செதுக்கப்படும். இதிலோ தலையைத் தனித் துண்டாகச் சாய்வாக ஒட்டியிருந்தார்கள். வார்னிஷுக்கு அடியில் ஒட்டின் கோடு தெரிந்தது. ஒத்திருத்தல் என்று பார்த்தால் இது குறை. ஆனால் ஒரே துண்டில் சாய்த்துச் செதுக்கும்போது மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்படுகிறது. கீழே விழுந்தால் அவ்விடத்தில் முறிவது அசல் லெஸ் பாலின் பேர்போன நோய். சாய்வு ஒட்டில் நார் தலையின் போக்கிலேயே ஓடுவதால் உறுதி கூடுகிறது. செலவைக் குறைக்கச் செய்த வேலை பொறியியலில் நல்ல வேலையாக அமைந்துவிட்டது.

அடுத்து மெட்டுகள். வீணையில் மெழுகின்மேல் செவியைத் துணைகொண்டு மெட்டுகளை அமைப்பார்கள். கிதாரில் கணக்கே வழிகாட்டி. ஒவ்வொரு மெட்டுக்கும் தந்தியின் நீளத்தை இரண்டின் பன்னிரண்டாம் மூலமாகிய 1.05946-ஆல் வகுக்க வேண்டும். பழங்காலத்தில் எஞ்சிய நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே போனார்கள். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581-இல் இந்த 18:17 விகிதத்தை எழுதிவைத்தார். (இயற்பியல் மாணவர்கள் மகனை மட்டுமே படிக்கிறோம்!) கிப்சன் அறிவித்துள்ள தந்தி நீளம் 24¾ அங்குலம், அதாவது 628.65 மி.மீ. பதினெட்டு விதிப்படி முதல் மெட்டு 34.9 மி.மீ. தொலைவில் வரும், சரியான கணக்குப்படி 35.3. நம் போலியில் மெட்டுகள் யாவும் சரியான கணக்கோடு பொருந்தின. கணிதம் எவருக்கும் தனிச்சொத்து அன்று என்பதால் இதில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் இருந்தது. மேல்முனைத் தாங்கியிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள தொலைவு போலியில் 314 மி.மீ.; இரட்டித்தால் 628. விளம்பரப் பட்டியலில் உள்ளபடியே! ஆனால் அசல் லெஸ் பால்கள் பலவற்றை அளந்தால் கிடைப்பது 24⅝ அல்லது 24 9/16 அங்குலம்தான். பன்னிரண்டாம் மெட்டு ஏறத்தாழ 312 மி.மீ.-இல் விழும். போலி செய்தவர் பட்டியலைப் படித்தாரேயன்றிக் கருவியை அளக்கவில்லை. இவ்வளவு காலந்தோறும் சற்றே மாறியிருப்பதால் இதை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மெட்டுகளின் இடம் சரியாயிருந்தும் முதல் இரு மெட்டுகளில் சுருதி ஏறி ஒலித்தது. மேல்முனைத் தாங்கியின் பள்ளங்களை ஆழமாக வெட்டாமல் விட்டிருந்ததே காரணம். உயரத்தில் நிற்கும் தந்தியை மெட்டு வரை அழுத்தும்போது அதன் இழுவிசை கூடுகிறது. இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அதிர்வெண் உயர்கிறது. சோனாமீட்டரில் நாம் எடை ஏற்றிக் காண்பது இதுதான். ஓர் அரத்தைக் கொண்டு பொறுமையுள்ள ஒருவர் அரைமணி நேரம் செய்ய வேண்டிய வேலை அது. அந்த அரைமணிக் கூலியைத்தான் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

மின்பகுதி மிகவும் பலவீனம். தந்தி அதிரும்போது காந்தப்பாயம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பாரடேயின் விதியே பிக்கப். கிப்சனுக்காக சேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின்கம்பி இரைச்சலை ஒழித்தார். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-இல் பெற்றார். பின்னர் கிப்சன் ஒட்டிய சீட்டில் அந்த எண்ணுக்குப் பதிலாக, லெஸ் பால் பெற்ற தந்திப்பிடியின் காப்புரிமை எண் இருந்தது. போலி செய்வோரைத் திசைதிருப்பவே அப்படிச் செய்தார்கள் என்று சொல்வதுண்டு. அசலும் ஒரு பொய் சொல்லியிருக்கிறது போலும்!

மல்டிமீட்டரில் போலியின் சுருள்கள் எட்டாயிரம் ஓம் அளவில் காட்டின. அசலிலும் ஏறத்தாழ அவ்வளவே. மின்தடையை வைத்துத் தரம் சொல்ல முடியாது என்பதற்கு இது சான்று. வேறுபாடு மூடியில் இருந்தது. அசலின் மூடி ஜெர்மன் சில்வர் கலவை; இதில் நிக்கல் பூசிய பித்தளை. பித்தளை அதனினும் நான்கைந்து மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவதால் மூடியில் சுழல் மின்னோட்டம் மிகுந்து, உச்ச அதிர்வெண்களை விழுங்கிவிடுகிறது. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. மூடிகளைக் கழற்றிவிட்டு வாசித்தபோது ஒலி தெளிந்தது.

முடிவை அண்ணனிடம் சொன்னேன்: மரம் நல்லது, மெட்டுகள் சரி, தாங்கியையும் மூடிகளையும் மாற்றினால் வாசிக்கத்தக்க கருவி. கொடுத்த விலையில் பெரும்பகுதி கருவிக்கன்று, தலையிலிருந்த பெயருக்கு. அந்தப் பெயரோடு இன்னொருவருக்கு விற்றால் அவருக்கும் இரண்டு நாள் சோறு இறங்காது என்பதையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுவாரம் எலும்பில் புதிய தாங்கி போட்டு, உப்புத்தாளால் பெயரைத் தேய்த்து, அவ்விடத்தில் கறுப்பு வண்ணம் பூசிவிட்டார். தை மாதத்தில் ஒரு வரவேற்பில் அதைத்தான் வாசித்தார். குழுவின் மூத்தவர் அருகே வந்து தலைப்பகுதியை உற்றுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.