மழை ஓய்ந்தபின் காய்கறி நிலத்துக்குக் கூட்டெரு

மும்பை நகரில் துறைமுக ரயில் பாதையின்மீது, குர்லாவை அடுத்து சுனாபட்டி என்னும் பகுதி அமைந்துள்ளது. சுண்ணாம்புக் காளவாய் என்பதே இப்பெயரின் பொருள். தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகியவை இதற்கு அண்மையில் உள்ளன. ரயில்வே நிலங்களில் உணவு விளைவிக்க 1975-இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்கீழ், இந்நகரின் பாதையோரங்களில் பாலக்கீரை, வெந்தயக்கீரை, முள்ளங்கி, வெண்டை முதலியவை நெடுங்காலம் பயிராயின. இத்தகைய சிறு நிலங்களையும் பள்ளித் தோட்டங்களையும் வளப்படுத்தும் முறை இப்பாடத்தில் விளக்கப்படுகிறது.

மழைக்குப் பின் மண்ணின் நிலை

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் அடைமழைக் காலம். மும்பையிலோ தென்மேற்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, நீரில் கரையும் நைட்ரேட் உப்புகளை வேர்களுக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. மழைத் துளிகளின் அடியால் மேல்மண்ணின் கட்டிகள் உடைந்து, அக்டோபர் வெயிலில் ஓடுபோல் இறுகுகின்றன. ஆகவே, குளிர்காலக் காய்கறிகளை விதைக்குமுன் மண்ணுக்கு மீண்டும் உயிரூட்டுவது அவசியம்.

குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தின் இறுதியில் எருவைப் பரப்பி, வசந்தம் வரை விட்டுவைப்பது வழக்கம். பனிக்காலத்தில் நுண்ணுயிர்கள் ஓய்ந்திருப்பதால் எரு மெதுவாகவே மாறும். நம் நாட்டில் நவம்பர் மாதத்திலும் மண் வெதுவெதுப்பாக இருப்பதால் நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். எனவே விதைப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன் எருவிட்டால் போதும். ஆனால், அப்பொழுது இடும் எரு முற்றும் மக்கியதாக இருக்கவேண்டும்.

பக்குவம் என்பது யாது?

வைக்கோலில் நைட்ரஜன் ஒரு பங்கானால் கரி ஏறத்தாழ 80 பங்கு இருக்கும். இதனை மக்கவைக்காமல் மண்ணில் இட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடந்து மஞ்சளிக்கும். நன்கு மக்கிய எருவில் இந்த விகிதம் 20-க்குக் குறைந்துவிடுகிறது. அதன்பின் எருவிலுள்ள சத்து சிறிது சிறிதாகப் பயிருக்குக் கிடைக்கும்.

இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்ட முறையில், குவியல் ஏறத்தாழ மூன்று மாதங்களில் பக்குவமாகிறது. எனவே நவம்பர்த் தொடக்கத்தில் எரு வேண்டுமாயின், ஆகஸ்டு முதல் வாரத்திலேயே குவியலை அமைக்கவேண்டும். அது மழைக்காலமாதலால் மேட்டு நிலத்தில், கூரையின்கீழ் அமைப்பது நலம்.

மாதுங்காக் கடைத்தெருவில் கழியும் வாழையிலையும் வாடிய பூக்களும் ஈரம் மிகுந்தவை. அவற்றுடன் இரண்டு அல்லது மூன்று பங்கு சருகு, வைக்கோல் ஆகியவற்றைக் கலக்கவேண்டும். சுமார் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்கு பரப்பி, அதன்மேல் சாணக் கரைசலும் சிறிது மண்ணும் தூவி, ஒன்றரை மீட்டர் உயரம் வரை அடுக்குக. இரண்டு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம் ஆனபின் ஒவ்வொரு முறை கிளறிவிட்டால் பிராணவாயு உட்புகும். குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் பல நாட்கள் நீடித்தால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும். கிளறும்பொழுது புறத்தே இருந்தவற்றை உள்ளே தள்ளவேண்டும்.

குவியலில் சேர்க்கத்தகாதவை

கிருமிகள் வெப்பத்தால் மடியும், உலோகங்கள் மடிவதில்லை. இதனைக் கள ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். 100 கிலோ உலர்ந்த குப்பையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம் காரீயம் இருப்பதாகக் கொள்வோம். மக்கியபின் குப்பை 50 கிலோவாகக் குறைந்தால், காரீயம் கிலோவுக்கு 120 மில்லிகிராமாக உயர்ந்துவிடும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கூட்டெருவுக்கு விதித்த வரம்பு காரீயத்துக்கு 100, குரோமியத்துக்கு 50, காட்மியத்துக்கு 5 மில்லிகிராமே.

ஆகவே, தாராவித் தொழிற்கூடங்களில் கழியும் குரோமியத்தால் பதனிட்ட தோல் துணுக்குகள், மின்கலங்கள், வண்ணம் பூசிய மரத்தின் சாம்பல், மின்னணுக் கழிவுகள் ஆகியவற்றை ஒரு கைப்பிடியும் சேர்க்கலாகாது. காவிரிக் கரையில் வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல் உழவனுக்குச் செல்வம். நகரத்துச் சாக்கடை நிரம்பி வழிந்து விட்டுச்செல்லும் சேறு அத்தகையதன்று. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது போன்ற வெள்ளங்களுக்குப் பின், தாழ்நிலத்தில் படியும் சேற்றை உரமென்று கருதலாகாது.

இடும் அளவு

காய்கறிகளுக்கு ஹெக்டேருக்கு 25 டன், அதாவது சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ பொருத்தமான அளவு. பத்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு 100 கிலோ தேவை. இதனைப் பரப்பி, மேல்மண்ணில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கலந்து, நீர் தெளித்து ஈரம் காத்தல் வேண்டும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

1. எருவைக் கையில் எடுத்துப் பிழிக. நீர் சொட்டாமல் உருண்டையாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் ஈரம் அளவானது.

2. ஈர எருவை ஒரு பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறக்க. மண் மணம் வீசினால் பக்குவமானது. துர்நாற்றம் வீசினால் இன்னும் மக்கவேண்டும்.

3. ஒரு பங்கு எருவை ஐந்து பங்கு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுக. இந்நீரில் நனைத்த துணியில் இருபது முள்ளங்கி விதைகளும், வெறும் நீரில் நனைத்த துணியில் இருபது விதைகளும் இட்டு, நான்காம் நாள் முளைகளையும் வேரின் நீளத்தையும் ஒப்பிடுக. எருநீரில் வேர்கள் குட்டையாக இருந்தால் அந்த எருவை விதைப்பாத்திக்கு இடலாகாது.

4. உலர்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விடுக. நுரைத்தால் சுண்ணாம்பு உள்ளது. அங்கே சாம்பல் இடுவதைத் தவிர்க்க. அத்தகைய மண்ணில் இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருப்பின் இரும்புக் குறையெனக் கொள்ளலாம். முதிர்ந்த அடியிலைகள் முதலில் மஞ்சளித்தால் நைட்ரஜன் குறை.

இச்சோதனைகள் எவையும் உலோகங்களைக் காட்டமாட்டா. ஐயமுள்ள நிலத்தின் மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே வழி. மக்கிய எரு காரீயத்தையும் காட்மியத்தையும் ஓரளவு பற்றிக்கொண்டு, பயிருக்குள் அவை செல்வதைக் குறைக்கும், அறவே தடுக்காது. கீரைகளோ காட்மியத்தை எளிதில் இலைகளில் சேர்த்துக்கொள்பவை. ஆகையால், எவ்வளவு நல்ல எருவிட்ட பாத்தியாயினும் அதற்குச் சாக்கடை நீர் பாய்ச்சலாகாது. அக்கீரையை உண்பவர்களில் நம் குழந்தைகளும் உளர் என்பதைப் பயிரிடுவோருக்கு எடுத்துரைப்பது ஆசிரியர், ஊழியர் இருவர் கடமையுமாகும்.