ஆட்டத்தை மாற்றினால் எல்லோரும் ஆடலாம்

பாடசாலை மைதானத்தில் வலைப்பந்தோ எல்லேயோ நடக்கும்போது, ஓரத்தில் ஒரு கதிரை போடப்பட்டிருக்கும். நடக்கச் சிரமப்படும் மாணவி அதில் அமர்ந்து புள்ளிகளைக் குறிப்பாள். "பாவம், அவளுக்கு ஏலாதுதானே" என்று நாம் அன்போடுதான் சொல்கிறோம். அந்த அன்பு அவளது உடலுக்கு நன்மை செய்கிறதா?

என் சாச்சியின் மகளுக்குப் பிறப்பிலிருந்தே கால் தசைகள் இறுக்கமானவை. கடுகண்ணாவையில் எங்கள் வீடுகளிலிருந்து பிரதான வீதிக்கு வருவதென்றால் படிகளும் ஏற்றமும்தான். விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் வீட்டார் அவளை வெளியே விடுவது குறைவு. ஆனால் அசைவில்லாத தசை மேலும் சுருங்கும். மூட்டு மேலும் இறுகும். ஆகவே உடற்பயிற்சி மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கே அதிகம் தேவை.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட உடற்பயிற்சி வழிகாட்டலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் பரிந்துரைகள் உண்டு. 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்கள். வளர்ந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி. மற்றவர்களுக்குச் சொல்லப்பட்ட அதே அளவுதான் இது. இயன்றதில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் போதும்.

வைத்தியசாலையில் பிறந்த போட்டி

முள்ளந்தண்டு காயமடைந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோன காலம் ஒன்று இருந்தது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் பொறுப்பேற்ற டொக்டர் லுட்விக் குட்மன், விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். 1948 ஜூலை 29ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேருக்கு அவர் அம்பெய்தல் போட்டி நடத்தினார். 1960இல் ரோம் நகரில் நடந்த முதலாவது பராலிம்பிக்கிற்கு அதுவே வித்து.

இலங்கைக்கு முதல் பராலிம்பிக் பதக்கத்தை 2012இல் லண்டனில் பிரதீப் சஞ்சய வென்றார். போரில் கையில் காயமடைந்த இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத், டோக்கியோவில் 67.79 மீற்றர் தூரம் ஈட்டி எறிந்து, உலக சாதனையோடு நாட்டின் முதல் பராலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். அவரது பிரிவு எஃப் 46. எஃப் என்பது எறிதல் நிகழ்ச்சியையும், 46 என்பது ஒரு கையில் உள்ள குறைபாட்டையும் குறிக்கும். ஒத்த நிலையில் உள்ளவர்கள் தமக்குள் போட்டியிடவே இந்த வகைப்படுத்தல்.

பெண்பிள்ளைகளின் பெற்றோர் ஈரானின் சஹ்ரா நெமாட்டியை அறிந்திருக்க வேண்டும். விபத்தொன்றில் நடக்கும் ஆற்றலை இழந்த அவர், ஹிஜாப் அணிந்து சக்கர நாற்காலியிலிருந்தே அம்பெய்து, 2012, 2016 மற்றும் டோக்கியோ பராலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2016இல் ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டார்.

நமது மைதானத்தில்

மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்கல்வியில் நான்கு விடயங்களை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள்.

இடம்: மைதானத்தைச் சிறிதாக்கலாம், சமதரையைத் தெரிவு செய்யலாம்.
செயல்: எல்லேயில் அவள் அடிக்க, தோழி ஓடலாம்.
உபகரணம்: வலைப்பந்து வளையத்தைத் தாழ்த்தலாம், பாரமற்ற பந்தைக் கொடுக்கலாம். பார்வையற்றோர் ஆடும் கோல்போல் விளையாட்டில் பந்துக்குள் மணி இருக்கும். ஓசையைக் கேட்டே தடுப்பார்கள்.
ஆட்கள்: ஒரு துணையாளைச் சேர்க்கலாம், அணியின் எண்ணிக்கையை மாற்றலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஆனால் எந்த அசைவு பாதுகாப்பானது என்பதை வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

இத்துறையில் படிக்க விரும்பும் உயர்தர மாணவிகளுக்கு வழியுண்டு. உயிரியல் விஞ்ஞானப் பிரிவினர் நமக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே இயன்மருத்துவம் பயிலலாம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தர, அவர்களோடு கூச்சமின்றிப் பழகக்கூடிய பெண்கள் வேண்டும். நான் இயன்மருத்துவத்தை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாச்சியின் மகள் அடுத்த வருடம் தரம் 6க்கு வருகிறாள். அவளைப் போன்றவர்கள் நம்மிடையே ஏற்கனவே இருக்கிறார்கள். அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில், அமர்ந்தபடி பந்து எறியும் நிகழ்ச்சி ஒன்றையாவது சேர்க்குமாறு இல்லத் தலைவிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரே, அன்று உங்கள் பிள்ளைக்கும் விளையாட்டுச் சப்பாத்து அணிவித்து அனுப்புங்கள்.