நிலம் அறிந்து ஓடு

பாடத்தின் நோக்கம்: விளையாட்டுச் செய்தியைக் கட்டுரை வடிவில் படித்துப் பொருள் உணர்தல், நிலமும் தட்பவெப்பமும் மனித முயற்சியை எவ்வாறு பாதிக்கின்றன என அறிதல்.

படிக்கும் முன்: உங்கள் பள்ளி மைதானத்தில் ஓடியிருப்பீர்கள். மழை பெய்த மறுநாள் அதே மைதானத்தில் ஓடியபோது உங்கள் கால்கள் என்ன வேறுபாட்டை உணர்ந்தன? எண்ணிப் பாருங்கள்.

பாடம்

மாணவர்களே! ஐதராபாத்தின் கச்சிபௌலி பகுதியில் பெரிய விளையாட்டரங்கம் ஒன்று இருப்பதை அறிவீர்கள். 2003ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டிகளும், 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலக இராணுவ விளையாட்டுப் போட்டிகளும் இந்நகரில் நடைபெற்றன. அத்தகைய அரங்கங்களில் ஓடுதளம் சமமாக இருக்கும். ஒரு சுற்றின் நீளம் 400 மீட்டர். எந்த நாட்டிற்குச் சென்றாலும் அந்த அளவு மாறுவதில்லை.

அரங்கத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள். தக்காணப் பீடபூமியின் கருங்கற்பாறைகளும், மேடும் பள்ளமும், புல்வெளியும், ஏரிக்கரையும் கண்ணில் படும். இவ்வாறான இயற்கை நிலத்தின் மீது நெடுந்தூரம் ஓடும் போட்டியே கிராஸ் கன்ட்ரி எனப்படும் திறந்தவெளி ஓட்டம் ஆகும். புல், மண், சேறு, மணல், ஏற்றம், இறக்கம் ஆகிய அனைத்தும் இவ்வோட்டத்தின் பாதையில் அடங்கும். ஓர் ஊரின் பாதை மற்றோர் ஊரின் பாதையைப் போல இராது. எனவே ஓடி முடித்த நேரத்தைக் கொண்டு இருவேறு ஊர்களின் போட்டிகளை ஒப்பிட இயலாது. அன்று, அந்த நிலத்தில், யார் முன்னே வந்தார் என்பது மட்டுமே கணக்கு.

இப்போட்டியில் தனியாள் வெற்றியுடன் அணி வெற்றியும் உண்டு. இக்கால உலகப் போட்டிகளில் முதியோர் பிரிவில் ஓர் அணிக்கு அறுவர் ஓடுவர். அவர்களுள் முன்னே வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவர். குறைந்த கூட்டுத்தொகை பெறும் அணியே வெல்லும். ஓர் அணியினர் 1, 2, 3, 40 ஆகிய இடங்களைப் பெற்றால் அவர்களின் கூட்டுத்தொகை 46. மற்றோர் அணியினர் 8, 9, 10, 12 ஆகிய இடங்களைப் பெற்றால் கூட்டுத்தொகை 39. முதல் மூன்று இடங்களையும் பெற்ற அணி இங்குத் தோற்றுவிடுகிறது. ஆகவே நான்காவதாக வருபவரும் தம் முழு வலிமையுடன் ஓடியாக வேண்டும்.

நாடுகளுக்கு இடையிலான திறந்தவெளி ஓட்டப் போட்டி 1903ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் நகரில் தொடங்கியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு அணிகள் மட்டுமே அதில் பங்கேற்றன. 1973ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் நடைபெற்ற போட்டி முதல், உலகத் தடகளக் கூட்டமைப்பு இதனை உலகச் சாம்பியன் போட்டியாக நடத்தி வருகிறது. ஒலிம்பிக்கிலும் ஒரு காலத்தில் இவ்வோட்டம் இடம்பெற்றிருந்தது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் 38 பேர் ஓடத் தொடங்கினர். 15 பேர் மட்டுமே ஓட்டத்தை முடித்தனர். அதன்பின் ஒலிம்பிக்கில் இவ்வோட்டம் நடத்தப்படவில்லை.

வெயிலின் வலிமையை உலகம் மீண்டும் கண்ட நாள் 2007ஆம் ஆண்டு மார்ச் 24. அன்று உலகத் திறந்தவெளி ஓட்டப் போட்டி கென்யாவின் மொம்பாசா நகரில் நடைபெற்றது. நம் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்தால் எதிர்க்கரையில் அமைந்துள்ள துறைமுக நகரம் அது. நிலநடுக்கோட்டிற்கு அருகில் உள்ளது. கடற்கரையை ஒட்டிய கோல்ஃப் புல்வெளியில் பாதை அமைக்கப்பட்டிருந்தது. வெப்பநிலை 30 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்தது. காற்றில் ஈரப்பதமும் மிகுந்திருந்தது.

கோடை விடுமுறையில் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ சென்று வந்த மாணவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். ஐதராபாத்தின் மே மாத வெயில் கடுமையானது. எனினும் இந்நகரம் கடலிலிருந்து தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் 500 மீட்டரை விட உயரமான மேட்டுநிலத்தில் உள்ளது. இங்குக் கோடைக்காற்று உலர்ந்திருக்கும். வியர்வை விரைவில் ஆவியாகும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பம் தணிகிறது. கடற்கரையில் காற்று முன்னரே ஈரத்தைத் தாங்கி நிற்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அது உடலில் வழிந்தோடும். வெப்பமோ உள்ளேயே தங்கிவிடும். ஓடுபவரின் தசைகள் மேலும் மேலும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் உடல் விரைவில் சோர்ந்துவிடும்.

பண்டைத் தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்தனர். அப்பகுப்பின்படி கூறினால், மொம்பாசா நெய்தல் நிலம். அங்கு ஓட வந்த முன்னணி வீரர்களுள் பலரோ குறிஞ்சி நிலத்தவர். எத்தியோப்பியா, எரித்திரியா, கென்யா ஆகிய நாடுகளின் குளிர்ந்த மலைநாடுகளில் பிறந்து, அங்கேயே பயிற்சி பெற்றவர்கள்.

அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கேலே. 2002 முதல் 2006 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், உலகப் போட்டியின் குறுந்தூரம், நெடுந்தூரம் ஆகிய இரு ஓட்டங்களிலும் அவரே வென்றிருந்தார். மொம்பாசாவிலும் அவரே வெல்வார் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆடவருக்கான 12 கிலோமீட்டர் ஓட்டம் தொடங்கியது. கடைசிச் சுற்று வரை பெக்கேலே முன்னணியில் இருந்தார். அதன்பின் அவருடைய கால்கள் தளர்ந்தன. எரித்திரியாவின் செர்செனாய் தடேசே அவரை முந்திச் சென்றார். பெக்கேலே பாதையிலிருந்து விலகி நின்றார். இளமையில் மிதிவண்டிப் பந்தய வீரராக விளங்க விரும்பிய செர்செனாய், அன்று உலகச் சாம்பியன் ஆனார். வேறு பல வீரர்களும் வெப்பம் தாங்காமல் இடையிலேயே விலகினர். ஐந்து ஆண்டுகளின் வெற்றிகள் எவையும் அந்தப் புல்வெளியில் பெக்கேலேவுக்கு உதவவில்லை.

அதே நாளில் மகளிருக்கான 8 கிலோமீட்டர் ஓட்டத்தில் வென்றவர் லோர்னா கிப்லாகட். இவர் கென்யாவில் பிறந்தவர். பின்னர் நெதர்லாந்தின் குடிமகளானவர். பிறந்த நாட்டின் மண்ணில், வாழ வந்த நாட்டின் சீருடையை அணிந்து ஓடினார். முந்தைய சாம்பியனான எத்தியோப்பியாவின் திருனேஷ் டிபாபாவை இரண்டாம் இடத்திற்குத் தள்ளித் தங்கம் வென்றார். பிறந்த மண், வாழும் மண் ஆகிய இரண்டும் ஒருவருக்கு உரியவையாக இருக்க இயலும் என்பதற்கு அவ்வெற்றி ஒரு சான்று.

பெக்கேலேவின் கதை மொம்பாசாவில் முடிந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் அடுத்த உலகப் போட்டி நடைபெற்றது. குளிர்ந்த நாடு, மேடும் பள்ளமுமான புல்வெளி. ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில், நெரிசலில் அவருடைய காலணி கழன்றது. அவர் நின்று, காலணியைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் மற்றவர்கள் வெகுதூரம் முன்னே சென்றுவிட்டனர். அவர் பதறவில்லை. ஒவ்வொருவராகக் கடந்து, முன்னணியினரை எட்டிப் பிடித்து, இறுதியில் முதலாவதாக வந்தார். மொம்பாசாவில் அவரை வென்ற செர்செனாய் அன்று மூன்றாம் இடம் பெற்றார்.

நிலம் ஒருவருடைய பழைய வெற்றிகளை அறியாது. பழைய தோல்விகளையும் அறியாது. புதிய ஊருக்கு வந்த ஒவ்வொருவரும் அந்த ஊரின் மண்ணையும் காற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். உங்கள் பெற்றோர் ஐதராபாத்திற்கு வந்த புதிதில் இதனைச் செய்திருப்பார்கள். நீங்களும் பள்ளி மாறும்போது இதனைச் செய்கிறீர்கள். அதற்குச் சில நாள்கள் ஆகலாம். நின்று, காலணியைச் சரிசெய்துகொண்டு, மீண்டும் ஓடுவதற்கு எந்த நிலமும் தடை சொல்வதில்லை.

சொல்லும் பொருளும்

பீடபூமி – பரந்த மேட்டுநிலம்
ஈரப்பதம் – காற்றில் கலந்துள்ள நீராவி
நெய்தல் – கடலும் கடல் சார்ந்த இடமும்
குறிஞ்சி – மலையும் மலை சார்ந்த இடமும்
தணிதல் – குறைதல்
தளர்தல் – வலிமை குன்றுதல்
சான்று – ஆதாரம்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. கடற்கரை = கடல் + ______
2. ஈரப்பதம் = ______ + பதம்
3. மேட்டுநிலம் = ______ + நிலம்
4. நெடுந்தூரம் = நெடுமை + ______

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. முதல் பன்னாட்டுத் திறந்தவெளி ஓட்டப் போட்டி ______ஆம் ஆண்டில் நடைபெற்றது.
2. வியர்வை ______ போது உடலின் வெப்பம் தணிகிறது.
3. எடின்பரோவில் பெக்கேலேவின் ______ கழன்றது.

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. இருவேறு ஊர்களில் நடைபெற்ற திறந்தவெளி ஓட்டங்களின் நேரத்தை ஏன் ஒப்பிட இயலாது?
2. கடற்கரை நகரத்தில் ஓடுவது ஏன் கடினமாக உள்ளது?
3. ஓர் அணியினர் 2, 5, 11, 20 ஆகிய இடங்களையும், மற்றோர் அணியினர் 1, 4, 9, 30 ஆகிய இடங்களையும் பெற்றனர். எந்த அணி வென்றது? கூட்டுத்தொகையுடன் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
பெக்கேலே மொம்பாசாவில் விலகியதைத் தோல்வி என்பீர்களா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரின் சொந்த ஊர் எவ்வகை நிலத்தைச் சார்ந்தது என்று கேட்டறிக. அவ்வூரின் மண், காற்று, மழை ஆகியவற்றை ஐதராபாத்துடன் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.